பத்துப் பாகை வானமும் ஒரு ஸ்மார்ட் தொலைநோக்கியும்

மதுரையின் அட்சரேகை ஏறத்தாழ வடக்கு 9.9 பாகை. இலக்கைத் தானே தேடிப் படமெடுக்கும் ஸ்மார்ட் தொலைநோக்கி வாங்கி மொட்டை மாடியில் வைக்கிற நம் ஊர்க்காரர் எவரும் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய எண் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. லென்ஸின் விட்டம், சென்சாரின் பெயர், பேட்டரியின் அளவு எல்லாவற்றையும் விற்பவர்களே விரிவாகச் சொல்லிவிடுகிறார்கள். இந்த எண்ணைப் பற்றிப் பேச அவர்களுக்குத் தேவை இல்லை. இணையத்தில் கிடைக்கும் அறிமுகக் காணொளிகளில் பெரும்பாலானவை, நாற்பது ஐம்பது பாகை வடக்கே வாழ்பவர்கள் தங்கள் வானத்தை வைத்து எடுத்தவை. அவர்களுக்குத் துருவ நட்சத்திரம் வானத்தின் பாதி உயரத்தில் நிற்கிறது. நமக்கோ அது வடக்கு அடிவானத்திலிருந்து பத்துப் பாகை உயரத்தில், கையை நீட்டி விரல்களை மடக்கிப் பிடித்தால் ஒரு முஷ்டி மறைக்கும் உயரத்தில்தான் இருக்கிறது. நகருக்குள் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியே அதை மறைத்துவிடும். துருவம் தாழ்ந்தால் மற்ற அனைத்தும் இடம் மாறும்: அவர்களுக்குத் தெற்கே சாய்ந்து கிடப்பவை நமக்குத் தலைக்கு மேல் வரும்; அவர்கள் வாழ்நாளில் தம் ஊரிலிருந்து பார்க்கவே முடியாதவை நமக்குத் தெற்கில் எழும். ஆகவே அவர்கள் தரும் பட்டியலையும் நேரத்தையும் அப்படியே எடுத்துக்கொள்வதில் நமக்கு இழப்பு அதிகம்.

நான் பயன்படுத்துவது இசட் டபிள்யூ ஓ (ZWO) நிறுவனத்தின் சீஸ்டார் எஸ் 50. டுவார்ஃப் 3, வெஸ்பெரா போன்ற பிற கருவிகளும் இதே இனத்தைச் சேர்ந்தவை. கீழே சொல்லப்போவதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும். இதன் லென்ஸ் 50 மி.மீ. விட்டமும் 250 மி.மீ. குவியத் தொலைவும் கொண்டது. எடை இரண்டரைக் கிலோ. கண்ணை வைத்துப் பார்க்கும் துளை இதில் கிடையாது. ஒளி நேராகச் சென்சாரில் விழுகிறது, நாம் பார்ப்பது கைப்பேசித் திரையில். தொலைநோக்கி, கேமரா, மோட்டார், சிறு கணினி, வடிகட்டிகள், பனி படியாமல் லென்ஸைச் சூடாக்கும் அமைப்பு ஆகிய அனைத்தும் ஒரே உடலுக்குள் இருக்கின்றன. தனித்தனியாக வாங்கிக் கேபிள்களால் இணைத்து, ஒவ்வொன்றோடும் போராடிய தலைமுறைக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை, வானியல் படமெடுக்க முயன்று பாதியில் கைவிட்டவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பெட்டியைப் பிரித்ததும் இருட்டும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பகலிலேயே செய்து முடிக்க வேண்டிய வேலைகள் உண்டு. முதல் முறை கருவியைச் செயலியோடு இணைத்துப் பதிவு செய்வதற்கும் உள்மென்பொருளைப் புதுப்பிப்பதற்கும் இணையம் வேண்டும். செயலி கேட்கும் புளூடூத், இருப்பிடம், அருகிலுள்ள சாதனங்கள் ஆகிய அனுமதிகளை மறுக்காமல் கொடுத்துவிடுவது நல்லது. குறிப்பாக இருப்பிடம்: நாம் எங்கே நிற்கிறோம், இப்போது மணி என்ன என்ற இரண்டையும் கைப்பேசியிடமிருந்து பெற்றுத்தான் எந்த விண்மீன் எந்தத் திசையில் எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று கருவி கணக்கிடுகிறது. இணைந்த பிறகு கைப்பேசி அந்தக் கருவியின் வைஃபையில் இருக்கும். அதில் இணையம் இல்லை என்று கைப்பேசி எச்சரிக்கும்போது பலர் பதறி மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடுகிறார்கள், தொடர்பு அறுந்துபோகிறது. அந்த எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் அதே வைஃபையில் தொடர்வதுதான் சரி. வீட்டு வைஃபை மாடிவரை எட்டுமானால் கருவியையும் அதிலேயே சேர்த்துவிடலாம். பிறகு கொசுக்கடி இல்லாமல் கூடத்தில் அமர்ந்தபடியே இயக்கலாம்.

மாடியில் இடம் தேர்வதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று இரும்பு. கருவிக்குள் ஒரு திசைகாட்டி இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியின் இரும்புத் தாங்கி, கைப்பிடிச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள், தகரக் கூரை ஆகியவற்றுக்கு அருகில் வைத்தால் வடக்கு எங்கே என்பதில் அது தடுமாறும். மற்றொன்று அதிர்வு. மாடித் தளத்தில் ஒருவர் அழுத்தி நடந்தாலே போதும், அந்த நேரத்தில் பதிவாகிற படத்தில் விண்மீன்கள் புள்ளியாக விழாமல் கோடாக விழும். தூணின் மேலோ சுவர் சந்திக்கும் மூலையிலோ முக்காலியை வைத்தால் ஆட்டம் குறைகிறது. கால்களை நீட்டாமல் தாழ்வாகவே வைப்பதும் உதவும். செயலி காட்டும் மட்டக்குமிழைப் பார்த்து முக்காலியைச் சமப்படுத்துவதற்கு இரண்டு நிமிடம் செலவழித்தால், பின்னால் இலக்கைத் தேடிக் கருவி அலைகிற நேரம் மிச்சமாகிறது.

இதன் பிறகு கருவி தானாகச் செய்வதை ஒரு முறையேனும் அருகில் இருந்து கவனிக்க வேண்டும். மடங்கியிருந்த கை மெல்லிய முனகலோடு எழுந்து வானை நோக்குகிறது. ஏதோ ஒரு பகுதியைப் படமெடுத்து, அதில் உள்ள விண்மீன்கள் ஒன்றுக்கொன்று அமைந்திருக்கும் விதத்தைத் தன் அட்டவணையோடு ஒப்பிட்டு, தான் எங்கே நோக்குகிறோம் என்பதைக் கண்டுகொள்கிறது. திசைகாட்டி சொன்னதற்கும் படம் சொன்னதற்கும் உள்ள வேறுபாட்டைத் திருத்திக்கொண்டு இலக்கை நோக்கித் திரும்புகிறது. வானில் மேகம் இருந்தாலோ, கைப்பிடிச் சுவரைப் பார்த்தபடி நின்றாலோ ஒப்பிட விண்மீன்கள் கிடைக்காது. தொடங்கியவர்கள் கருவி பழுது என்று எண்ணுகிற சமயங்களில் மிகப் பலவற்றுக்குக் காரணம் இதுதான். இலக்கை அடைந்ததும் ஒளி புகாத தட்டால் சென்சாரை மூடிச் சில படங்களை எடுத்துக்கொள்கிறது. வெப்பத்தால் சென்சாரிலேயே எழும் போலிப் புள்ளிகள் அந்த இருட்டுப் படங்களில் பதிவாகும்; பின்னர் உண்மைப் படத்திலிருந்து அவற்றைக் கழித்துவிடலாம். நம் ஊர் வெப்பத்தில் இந்தக் கழித்தல் மிகவும் தேவையானது.

பிறகுதான் அடுக்குதல் தொடங்குகிறது. பத்து வினாடிக்கு ஒரு படம். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் மணல் தூவியது போல இரைச்சலாக இருக்கும். விண்மீன்களை ஒன்றின் மேல் ஒன்று பொருத்தி அடுக்கும்போது, எல்லாப் படங்களிலும் அதே இடத்தில் விழும் ஒளி வலுக்கிறது, இடம் மாறி மாறி விழும் இரைச்சல் சராசரியில் அடங்குகிறது. இதில் ஒரு கணக்கு உண்டு: படத்தின் தெளிவு அடுக்கிய எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் உயரும். நூறு படத்தில் கிடைத்ததைப் போல இரு மடங்கு தெளிவு வேண்டுமானால் நானூறு படம் வேண்டும். ஐந்து நிமிடத்தில் அடுத்த இலக்குக்குத் தாவுகிற பழக்கத்தை விட்டு, ஓர் இரவுக்கு ஒன்றோ இரண்டோ போதும் என்று அமர்கிறவர்களுக்கே இக்கருவி தன் முழுத் திறனைத் தருகிறது. காற்றாலும் அதிர்வாலும் கலங்கிய படங்களைச் செயலி தானே ஒதுக்கிவிடுவதால், கடிகாரத்தில் கழிந்த நேரத்தைவிட அடுக்கிய நேரம் குறைவாகவே காட்டும். அதைக் கண்டு கவலைப்பட வேண்டாம்.

தை மாதத்தில் ஓரியன் நெபுலா என்ற வாயு மேகத்தை அடுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெண், பதினொன்றாம் வகுப்பு படிப்பவள், மாடிக்கு வந்தாள். திரையில் பச்சையும் இளஞ்சிவப்புமாக விரிந்திருந்த மேகத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"மாமா, இது இப்ப வானத்துல இருக்குறதா, இல்ல ஆப்புல ஏற்கெனவே போட்டு வச்சிருக்க படமா?"

"பொறும்மா, அடுத்த படம் விழட்டும்."

அடுத்தது விழுந்தபோது நெபுலாவின் குறுக்கே ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு ஓடியிருந்தது. ஏதோ ஒரு செயற்கைக்கோள் அந்தப் பத்து வினாடிக்குள் கடந்து போயிருக்கிறது. மேலும் மேலும் படங்கள் சேரச் சேர அந்தக் கோடு மங்கி, சில நிமிடங்களில் காணாமல் போனது. அவள் அதற்கு மேல் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அதன் தூரம் எவ்வளவு என்று கேட்டாள். ஏறத்தாழ 1,340 ஒளியாண்டு. கண் துளை இல்லாத கருவியில் பார்ப்பது பார்ப்பதாகுமா என்று என் வயதுக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் நான் இந்தக் கோட்டைத்தான் எடுத்துச் சொல்கிறேன். அந்த ஒளி அந்த இரவில் நம் மாடியில் விழுந்த ஒளி.

இனி பத்துப் பாகைக்கு வருகிறேன். இந்த வகைக் கருவிகள் இயல்பான நிலையில் இடவலமாகவும் மேல்கீழாகவும் மட்டுமே திரும்புகின்றன. வானமோ துருவத்தைச் சுற்றிச் சுழல்கிறது. இலக்கைச் சட்டத்தின் நடுவில் தக்கவைத்தாலும் சுற்றியுள்ள காட்சி மெல்ல மெல்லச் சுழன்றுகொண்டே இருக்கும். எவ்வளவு வேகமாகச் சுழலும் என்பது நாம் இருக்கும் அட்சரேகையையும், இலக்கின் திசையையும் உயரத்தையும் பொறுத்தது. நேர் கிழக்கிலும் நேர் மேற்கிலும் சுழற்சி இல்லை என்றே சொல்லலாம். தெற்கிலும் வடக்கிலும், அதிலும் உச்சிக்கு அருகில், அது மிக வேகமாகிறது. ஓரியன் நெபுலா மதுரையில் தென்வடல் கோட்டைக் கடக்கும்போது, அதாவது தன் மிக உயர்ந்த இடத்தை அடையும்போது, 75 பாகை உயரத்தில் நிற்கிறது. அப்போது காட்சி ஒரு மணி நேரத்துக்கு 55 பாகைக்கு மேல் சுழல்கிறது. அதே நெபுலாவை இரண்டரை மணி நேரத்துக்கு முன்னால், கிழக்கே 50 பாகை உயரத்தில் பிடித்தால் சுழற்சி மணிக்கு எட்டுப் பாகை அளவுதான். அது உச்சிக்கு அருகில் நிற்கும் வேளையில் பத்து வினாடிப் படத்திலேயே மூலையில் உள்ள விண்மீன்கள் மூன்று பிக்சல் நீளத்துக்கு இழுபடும். முப்பது வினாடி வைத்தால் ஒன்பது பிக்சல். உயரமாக இருக்கும்போதுதான் நல்ல படம் கிடைக்கும் என்ற அறிவுரை, ஓரியன் அதிக உயரம் ஏறாத ஐரோப்பிய ஊர்களுக்குச் சரி. நமக்கு அது தலைக்கு மேல் வந்துவிடுகிறது.

ஆகவே நான் கைக்கொள்ளும் முறை இது. இலக்கு கிழக்கில் 30 பாகை ஏறியதும் தொடங்கி 60 பாகை வரை தொடர்வேன். அது உச்சியை நெருங்கும் வேளையில் வேறொன்றுக்கு மாறி, மேற்கே இறங்கிய பிறகு வேண்டுமானால் மீண்டும் பழையதற்கே வருவேன். திருவாதிரை நட்சத்திரமும், அதற்குக் கிழக்கே உள்ள ரோஸெட் நெபுலாவும் நம் ஊரில் ஏறத்தாழ உச்சியைத் தொட்டே செல்பவை. அங்கே கருவி இலக்கைப் பின்தொடர்வதே கடினம். செயலி எந்நேரமும் அவற்றைப் பரிந்துரைத்தாலும் முன்னிரவில் கிழக்கிலேயே எடுத்துவிடுவது உத்தமம்.

இந்தச் சுழற்சியை அடியோடு நீக்கக் கருவியையே துருவத்தை நோக்கிச் சாய்த்து வைக்கும் முறையும் செயலியில் வந்திருக்கிறது. துருவ நட்சத்திரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எந்தப் பக்கம் எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதை விண்மீன்களை ஒப்பிட்டே செயலி சொல்லிவிடும். ஆனால் நம் அட்சரேகையில் அதன் அச்சு கிடைமட்டத்திலிருந்து பத்துப் பாகைதான் உயர்ந்திருக்க வேண்டும், அதாவது கருவி ஏறக்குறையப் படுத்த நிலைக்கு வந்துவிடும். இரண்டரைக் கிலோவும் ஒரு பக்கமாகத் தொங்கும்போது சிறு முக்காலி கவிழும். கனமான முக்காலியும் எண்பது பாகை சாயக்கூடிய உறுதியான தலைப்பகுதியும் கையில் இல்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம் என்றே சொல்வேன். முதல் ஆண்டுக்குக் கிழக்கும் மேற்கும் போதும்.

தெற்கு இதைவிட மகிழ்ச்சியான செய்தி. ஒமேகா சென்டாரி என்ற கோளக் கொத்து, அதாவது பந்துபோல் திரண்ட விண்மீன் கூட்டம், நம் பால்வீதியிலேயே மிகப் பெரியது. ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள், 17,000 ஒளியாண்டுத் தொலைவு. வெறுங்கண்ணுக்கு மங்கலான ஒற்றை விண்மீனாகத் தெரிவதால் 1603-இல் ஜெர்மானிய வானியலாளர் பேயர் தம் விண்வரைபடத்தில் அதை ஒரு விண்மீனாகவே குறித்தார். 1677-இல் தென் அட்லாண்டிக்கில் உள்ள செயின்ட் ஹெலினா தீவிலிருந்து பார்த்த ஆங்கில வானியலாளர் எட்மண்ட் ஹாலிதான் அது விண்மீன் அன்று என்று பதிவு செய்தார். ஹாலி அதற்காகத் தெற்கே கடல் கடந்து போக வேண்டியிருந்தது, ஏனெனில் லண்டனில் அது அடிவானத்துக்கு மேல் எழுவதே இல்லை. மதுரையில் 32 பாகை உயரத்துக்கு வருகிறது. சித்திரை மாதத்தில் நள்ளிரவை ஒட்டி நேர் தெற்கில் நிற்கும். அந்த உயரத்தில் சுழற்சியும் குறைவு. பத்து நிமிட அடுக்கிலேயே நடுப்பகுதிவரை தனித்தனி விண்மீன்களாகப் பிரிந்து திரையை நிறைக்கும்போது உடனிருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவதைப் பார்த்திருக்கிறேன். இந்தக் கருவியைப் புதிதாக வாங்கும் மதுரைக்காரருக்கு ஒரே ஒரு இலக்கைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

அதே பருவத்தில் முன்னிரவிலேயே தெற்கில் இருபது பாகை உயரத்தில் கரீனா நெபுலா இருக்கிறது. அதனுள் உள்ள ஈட்டா கரீனே 1843-இல் பொங்கி எழுந்து, வானத்தின் இரண்டாவது ஒளிமிக்க விண்மீனாகச் சிறிது காலம் விளங்கியது. இருபது பாகை உயரம் என்பதால் நகர வெளிச்சமும் தூசியும் அதைத் தின்றுவிடும். இதற்கு ஊருக்குத் தெற்கே போக வேண்டும். நகரின் வடக்கே, மேலூர்ப் பக்கமோ அழகர்கோவில் பக்கமோ நின்றால் தெற்கு அடிவானத்தில் மதுரையே ஒளிர்ந்துகொண்டிருக்கும். திருமங்கலத்தைத் தாண்டி தே.கல்லுப்பட்டிப் பக்கம் போனால் அந்த வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. தெரிந்தவர் தோட்டமாக இருப்பது நல்லது. இரவில் ஒரு வயலில் சிவப்பு விளக்கோடு நின்றால் ஊர்க்காரர்கள் விசாரிப்பார்கள், முன்கூட்டியே சொல்லி வைத்தால் அவர்களும் வந்து பார்ப்பார்கள். சித்ரா பௌர்ணமிக்கு அழகர் ஆற்றில் இறங்குகிற வாரம் நிலவொளியால் இவை எதற்கும் உதவாது. அதற்கு இரு வாரம் முன்போ பின்போ வரும் அமாவாசையை ஒட்டித் திட்டமிடலாம், மாலை இடிமழை மட்டும் வராமல் இருக்க வேண்டும்.

தனுசு ராசியில் உள்ள லகூன் நெபுலாவும் இப்படித்தான்: லண்டனில் 14 பாகை, நமக்கு 55. தென்மேற்குப் பருவக்காற்றின் மேகங்கள் மலையைத் தாண்டி வரும் மாதங்களில் வருவதால் இடைவெளி பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவமழைக்கு உரியவை. மீதியில் தை முதல் பங்குனி வரை நம் பகுதிக்கு மிக நல்ல காலம்.

நகருக்குள் இருந்தபடியே செய்வதற்கும் நிறைய இருக்கிறது, வடிகட்டியைப் புரிந்துகொண்டால். எஸ் 50-இன் உள்ளே ஓர் இரட்டைப்பட்டை வடிகட்டி இருக்கிறது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெளியிடும் இரண்டு குறுகிய நிறப்பட்டைகளை மட்டும் விட்டு, தெருவிளக்கின் ஒளியில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். தானே ஒளிரும் வாயு மேகங்களுக்கு அது அருமருந்து. ரோஸெட்டை நகர மாடியிலிருந்தே எடுக்க முடிவது அதனால்தான். ஆனால் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்கு அதைப் போடக் கூடாது. அங்கே விண்மீன்களைச் சுற்றித் தெரியும் நீலப் புகை, தூசியில் பட்டுச் சிதறும் விண்மீன் ஒளி. வடிகட்டி அதையும் சேர்த்து வெட்டிவிடும். விண்மீன் கொத்துகளுக்கும் அண்டங்களுக்கும் (கேலக்ஸி) இதே விதிதான். கார்த்திகைக்கு இருட்டான ஊரும், தை மாத இரவில் அது மேற்கே சாயும் பத்து மணி வாக்கும் ஏற்றவை.

சனியின் வளையத்துக்காக இதை வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தச் சென்சாரில் ஒரு பிக்சல் வானத்தில் 2.4 வில்வினாடி (ஒரு பாகையில் 3,600 வில்வினாடி). சனியின் வளையம் முழுவதும் ஏறத்தாழ 40 வில்வினாடி, அதாவது பதினேழு பிக்சல். வளையம் இருப்பது தெரியும், அவ்வளவுதான். கோள்களே விருப்பம் என்றால் ஆறங்குல டாப்சோனியன் போன்ற கண்ணால் பார்க்கும் தொலைநோக்கிதான் பொருத்தம். நிலவு இதில் சட்டத்துக்குள் அழகாக அடங்குகிறது, சூரியனும் அப்படியே.

சூரியனைப் பற்றிச் சற்றுக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். கருவியோடு வரும் சூரிய வடிகட்டியைப் பகலில் முன்பக்கம் பொருத்திய பிறகே கை மேலே எழ வேண்டும். பொருத்தாமல் திருப்பினால் குவிந்த ஒளி சென்சாரைச் சுட்டுவிடும். காற்றில் கழன்று விழாதபடி அழுத்திப் பார்த்துக்கொள்வதும் அவசியம். நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரு படம் எடுத்து வந்தால், கரும்புள்ளிகள் சூரியன் சுழலச் சுழல நகர்ந்து மறுவிளிம்பில் மறைவதை இரண்டு வாரத்துக்குள் பார்த்துவிடலாம். நமக்கு மேற்கே மலையில் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வருகிறது. கரும்புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை வானியலாளர் ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்தது அங்கேதான். பள்ளி மாணவர்களிடம் மாடியில் எடுத்த படத்தைக் காட்டிவிட்டு அந்த ஆய்வகத்துக்கு அழைத்துச் சென்றால் அவர்கள் கேட்கும் கேள்விகளே வேறாக இருக்கும்.

2031 மே 21 அன்று வளைய சூரிய கிரகணத்தின் பாதை தேனி, மதுரை, சிவகங்கை வழியாகவே செல்கிறது. நண்பகல் கடந்த வேளை; சூரியன் 70 பாகைக்கும் மேலே, கருவிக்குச் சிரமமான அந்த உச்சிப் பகுதிக்கு அருகில் இருக்கும். அக்கினி நட்சத்திர வெயில் வேறு. ஆகவே அதற்கு முந்தைய ஆண்டுகளின் மே மாதங்களில் அதே நேரத்தில் மாடியில் ஒத்திகை பார்த்துக்கொள்வது நல்லது: அந்த உயரத்தில் சூரியனைக் கருவி தவறவிடாமல் தொடர்கிறதா, எவ்வளவு நேரத்தில் சூடேறுகிறது, லென்ஸை மறைக்காமல் உடலுக்கு மட்டும் வெள்ளைத் துணியால் நிழல் கொடுக்க முடிகிறதா, வெயிலில் கைப்பேசித் திரை தெரிகிறதா என்று. முழு கிரகணத்தில் வடிகட்டியைக் கழற்றுவதைக் காணொளிகளில் பார்த்தவர்கள் அன்று அதைச் செய்துவிடக் கூடாது. வளைய கிரகணத்தில் சூரியனின் விளிம்பு தொடக்கம் முதல் இறுதிவரை எரிந்துகொண்டே இருக்கும். வடிகட்டியும் அதுவரை இடத்தை விட்டு அகலக் கூடாது.